அன்றாடங்காய்ச்சியின் வேண்டுதல்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இத்தொடரிலே காவியங்களைப் பற்றியும் நாவல்களைப் பற்றியும் அறிஞர்கள் பலர் உரையாற்றியிருக்கிறார்கள். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது ஒரு நூல் அன்று, ஒரேயொரு வசனம். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 6ஆம் அதிகாரம், 11ஆம் வசனம். இயேசு தம் சீடருக்குக் கற்பித்த ஜெபத்தின் நடுவில், அன்றைக்கு வேண்டிய உணவை அன்றைக்குத் தரும்படி கேட்கிற சிறிய வேண்டுதல் அது. கிறிஸ்தவர் அல்லாத நேயர்களும் பாடசாலை நாட்களில் எங்கேயாவது அதைக் கேட்டிருப்பீர்கள். நான் பேசத் தொடங்கிய காலம் முதல் அதைச் சொல்லிவருகிறேன். ஆனால் அதை வாசிக்கத் தொடங்கியது 2022ஆம் ஆண்டிலேதான் என்று சொன்னால் நீங்கள் வியப்படையக்கூடும். அந்தக் கதையையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வசிக்கும் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி வேதாகமத்தில் ஒரு சிறு பகுதியை வாசிப்பது வழக்கம். மெதடிஸ்தரும் உண்டு, கத்தோலிக்கரும் உண்டு. பிரசங்கம் கிடையாது. ஒருவர் பகுதியை மூன்று முறை மெல்ல வாசிப்பார். பின்னர் ஒவ்வொருவரும் தம் மனதில் தங்கிய ஒரு சொல்லை மட்டும் சொல்ல வேண்டும். அதன் பிறகே விளக்கம், கேள்வி, தேநீர் எல்லாம். வாசித்தல், தியானித்தல், வேண்டுதல், அமைதியில் தரித்திருத்தல் என்ற நான்கு படிகளைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே இரண்டாம் கிகோ என்ற துறவி எழுதிவைத்தார். எங்கள் முறை அதன் ஏழை உறவினர் என்று சொல்லலாம்.

அந்த ஏப்ரிலில் கூட்டம் வெள்ளவத்தையில், எங்கள் தொடர்மாடி வீட்டில் நடந்தது. நாட்டின் நிலை நேயர்களுக்கு நினைவிருக்கும். மார்ச் மாத முடிவில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. ஏப்ரில் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து, இரவிரவாக வீதியோரத்தில் காவலிருந்த சனங்களை நாம் எல்லோரும் கண்டோம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், பொருத்தம் கருதி, இந்த வசனத்தையே நான் தெரிந்தெடுத்திருந்தேன். படிப்பித்துப் பழகியவன் அல்லவா! சொல்லாராய்ச்சி எல்லாம் முன்கூட்டியே தயாராக இருந்தது.

அன்று நான் சொன்னவற்றின் சாரத்தை இங்கே தருகிறேன். அதில் பிழை ஒன்றும் இல்லை, பயனும் உண்டு.

இந்த வேண்டுதல் கிரேக்க மூலத்தில் எட்டே சொற்கள். சுட்டுச் சொல்லை விட்டுப் பார்த்தால் முதலில் நிற்பது அப்பம். கடைசியில் நிற்பது இன்று. இடையிலே 'எபியூசியோஸ்' என்றொரு அடைமொழி வருகிறது. அதுதான் இரண்டாயிரம் ஆண்டுகளாக அறிஞர்களைத் தடுமாற வைத்த சொல். புதிய ஏற்பாட்டில் மத்தேயுவிலும் லூக்காவிலும் உள்ள இந்த ஒரே வேண்டுதலைத் தவிர வேறெங்கும் அது இல்லை. கிரேக்கத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரிகன் மூன்றாம் நூற்றாண்டிலேயே, இது வழக்கில் உள்ள சொல்லன்று, சுவிசேஷகர்கள் ஆக்கிய சொல்லாயிருக்க வேண்டும் என்று கருதினார். இலத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம், லூக்காவில் 'நாளாந்த' என்று பொருள்படவும், மத்தேயுவில் 'பொருளியல்புக்கு அப்பாற்பட்ட' என்று பொருள்படவும் எழுதினார். ஒரே சொல்லுக்கு ஒரே மனிதர் தந்த இரு விளக்கங்கள்! எபிரேயர் மத்தியில் வழங்கிய ஒரு சுவிசேஷத்தில் அந்த இடத்தில் 'நாளைக்கு' என்று பொருள்படும் சொல்லைக் கண்டதாகவும் அவரே குறித்திருக்கிறார். உயிர் வாழத் தேவையான உணவா, இன்றைய உணவா, நாளைய உணவா? இன்றும் ஆராய்ச்சியாளர் ஒருமனப்படவில்லை.

அடுத்து, நம்முடைய தமிழுக்கு வந்தேன். இந்த ஜெபம் தமிழ் அச்சு வரலாற்றோடு கூடப் பிறந்தது. 1554இல் லிஸ்பன் நகரில் உரோம எழுத்துக்களில் தமிழை அச்சிட்ட சிறு நூலிலும் இது இருக்கிறது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துக்களால் அச்சான தம்பிரான் வணக்கத்திலும் இருக்கிறது. கொழும்புக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கொட்டாஞ்சேனைக்கு அண்மையில் மேட்டிலே நிற்கும் வுல்பெண்டால் தேவாலயத்தை ஒல்லாந்தர் 1757இல் கட்டி முடித்தார்கள். இரண்டு ஆண்டுகளின் பின், 1759இல், கொழும்பிலே பிறந்த தமிழரான பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு இதே நகரில் அச்சாயிற்று. பின்னர் யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்த மொழிபெயர்ப்பு 1850இல் வந்தது. இப்படி எத்தனையோ கைகள் இந்த எட்டுச் சொற்களைத் தமிழில் தூக்கி வைக்கப் பாடுபட்டிருக்கின்றன.

'அப்பம்' என்ற சொல்லை இந்த இடத்தில் எப்படித் தமிழாக்குவது? கொழும்பிலே அப்பம் என்றால் இரவுக் கடையில் கட்டைச் சம்பலோடு உண்பது. மூலத்தில் உள்ளதற்கு நேரான பொருளை நாங்கள் பாண் என்கிறோம். அதுவும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். சோறு உண்ணும் மக்களுக்குப் பாணைக் கேட்கச் சொல்லிக் கொடுப்பது பொருந்துமா? ஆகவே நமது மொழிபெயர்ப்பாளர் சிலர் ஆகாரம் என்றும், சிலர் உணவு என்றும் வைத்தார்கள். நல்ல முடிவு என்பதே என் எண்ணம்.

இவ்வளவையும் சொல்லி முடித்து, எபியூசியோஸ் என்பதே எனக்குத் தங்கிய சொல் என்று கூறி, மெழுகுவர்த்தியின் திரியைச் சற்றுக் கிள்ளிவிட்டேன்.

எனக்கு எதிரே கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா இருந்தார். வீட்டிலே இடியப்பம் அவித்து அயலிலுள்ள கடைகளுக்குக் கொடுப்பவர். அதிகம் பேசாதவர். அன்று சொன்னார்: "மாஸ்டர், எனக்கு 'இன்று' என்கிறது மட்டுந்தான் விளங்குது. நாளைக்கும் சேர்த்துக் கேட்டால், வைக்கிறதுக்கு வீட்டில இடமில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு ஒருவர் கேட்டபோதுதான், எரிவாயு முடிந்து ஐந்து நாளாகிறது, அடுப்பு மூட்டவில்லை, கடைக்காரரிடம் முன்பணமாக வாங்கிய காசும் முடிந்துவிட்டது என்று தெரியவந்தது.

நேயர்களே, நம் மொழியில் 'அன்றாடங்காய்ச்சி' என்றொரு சொல் இருக்கிறது. அன்றன்று உழைத்து அன்றன்று உலை வைப்பவர். அதை நாம் இளக்காரமாகவே வழங்கிவந்திருக்கிறோம். அன்றிரவு அது எனக்கு வேறுவிதமாகக் கேட்டது. ஒரிகனும் ஜெரோமும் தேடிய பொருள் கொட்டாஞ்சேனையிலே இடியப்பம் பிழிகிற ஒருவருக்கு அகராதி இல்லாமலே தெரிந்திருந்தது. இயேசுவைச் சுற்றி நின்றவர்களும் அத்தகையவர்களே. மீனவர்கள், சந்தை வெளியிலே கூலிக்கு ஆள் கூப்பிட வருவார்களா என்று காத்து நின்றவர்கள். கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாயும் முன் கொடுத்துவிட வேண்டும் என்று மோசேயின் சட்டம் கட்டளையிட்டது, அதைக் கொண்டே அவன் வீட்டில் இரவு உலை வைக்க வேண்டும் என்பதால்தான். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைமாருக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் திடீரென ஊரடங்கு வந்தபோது, ஒரு நாள் கூலி இல்லையென்றால் ஒரு நாள் சோறு இல்லை என்ற கணக்கு நகரம் முழுவதற்கும் தெரிந்தது.

ஆனால் நான் இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று அந்த அம்மா பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் சமையலறைக் கதவின் பின்னால் பழைய படுக்கை விரிப்பால் மூடி, நிறைந்த சிலிண்டர் ஒன்று இருந்தது. 12.5 கிலோ. அடுப்போடு பூட்டியிருந்த மற்றையதில் பாதிக்கு மேல் மிச்சம். களவாக வாங்கியது அல்ல. வரிசையில் நின்று வாங்கியதே. முன்யோசனை என்று எனக்கு நானே பெயர் சொல்லியிருந்தேன். யார் கண்ணிலும் படக்கூடாது என்று ஏன் விரிப்பால் மூடினேன் என்ற கேள்வி மட்டும் அதுவரை எனக்கு வரவில்லை.

அன்றிரவு நான் அதைக் கொடுக்கவில்லை. வாசல்வரை சென்று, கவனமாகப் போங்கள் என்று சொல்லி வழியனுப்பினேன்.

பிறகு அந்த அதிகாரத்தைத் தனியே எடுத்து வாசித்தேன். ஒரு வசனத்தைப் படிக்கும்போது அதன் முன்னும் பின்னும் வாசிக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்பவன் நான். இந்த வேண்டுதலுக்கு எட்டு வசனங்கள் கழித்துப் பூச்சியும் துருவும் கெடுக்கும் சேமிப்பைப் பற்றிய எச்சரிக்கை வருகிறது. அதிகாரத்தின் கடைசி வசனம் நாளையைப் பற்றிய கவலையைத் தள்ளுகிறது. அங்கிருந்து யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்துக்குப் போனேன். வனாந்தரத்திலே மன்னா விழுகிறது. ஆளுக்கு ஓர் ஓமர் அளவு. அதிகமாகச் சேர்த்தவனுக்கு மிச்சமில்லை. குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறைவில்லை. மறுநாளைக்கென்று வைத்தவனுடையது புழுத்து நாறுகிறது. ஓய்வுநாளுக்கு முந்திய நாளில் மட்டும் இரண்டு பங்கு சேர்க்கலாம்; அது கெடாது. ஆகவே சேமிப்பு எல்லாமே பாவம் என்று அந்தக் கதை சொல்லவில்லை. பயத்தினால் வைத்ததே புழுக்கிறது. இதே கதையைப் பவுல், எருசலேமில் வறுமைப்பட்டோருக்குப் பணம் சேர்க்கும்போது கொரிந்தியருக்கு நினைவூட்டுகிறார். மிச்சம் உள்ளவன் இல்லாதவனுடைய பங்கை வைத்திருக்கிறான் என்பதே அவர் காட்டும் பொருள் என எனக்குப் பட்டது.

அதன் பிறகே, வாழ்நாள் முழுவதும் தாண்டிப் போன ஒரு சிறிய சொல்லில் வந்து நின்றேன். 'எங்களுக்கு.' தமிழிலே 'நமக்கு' என்றால் கேட்பவரும் உள்ளடக்கம். 'எங்களுக்கு' என்றால் கேட்பவர் புறம்பு. கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் இந்தப் பிரிவு இல்லை. கடவுளை நோக்கிப் பேசுவதால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் 'எங்களுக்கு' என்றே வைக்க வேண்டியிருந்தது. அதனால் தமிழில் ஒரு கோடு விழுகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் கொடுப்பவர். இந்தப் பக்கம் கையேந்தி நிற்கும் மற்ற அனைவரும். சைவர்களும் கடவுளைப் படியளப்பவர் என்றுதானே சொல்கிறார்கள்? நான் மட்டும் அந்த இடத்தில் என் வீட்டு நான்கு பேரை நினைத்துக்கொண்டு 'எங்களுக்கு' என்று சொல்லிவந்திருக்கிறேன். எனக்கு வேண்டியதை அவர் ஏற்கெனவே தந்து, அதற்கு மேலும் ஒன்று கதவின் பின்னால் நிற்கும்போது, அந்த அம்மாவின் வேண்டுதலுக்கான பதில் எங்கே இருக்கிறது என்று தேட நான் வேறெங்கும் போக வேண்டியதில்லை.

ஒன்பது நாள் கழித்து, அயல் இளைஞர் ஒருவரின் முச்சக்கர வண்டியில் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஒன்பது நாள் ஏன் என்று கேட்காதீர்கள். கணக்குப் பார்த்தேன், அவ்வளவுதான். ஒடுங்கிய ஒழுங்கை. வீட்டின் பின்புறத்தில் மூன்று கல் வைத்து, பலகைத் துண்டுகளை எரித்து, அந்த அம்மா சமைத்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லிக் கொடுப்பது என்று வழி முழுவதும் சொற்களைத் தேடி வைத்திருந்தேன். அவர் என்னைக் கண்டார், சிலிண்டரைக் கண்டார். கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, எனக்கு ஒன்றும் சொல்லாமல், பக்கத்து வீடுகளின் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "அக்கா, காஸ் வந்திருக்கு! மாவை எடுத்துக்கொண்டு வாங்க!"

இரண்டு வீடுகளிலிருந்து பெண்கள் சட்டியோடும் இடியப்பத் தட்டோடும் வந்தார்கள். ஒருவர் நெற்றியில் திருநீறு இருந்தது. அந்த ஒன்பது நாட்களும்... இல்லை, கூட்டத்துக்கு முந்திய ஐந்தையும் சேர்த்தால் பதினான்கு நாட்களும், மூன்று குடும்பமும் ஒரே விறகடுப்பில் முறைவைத்துச் சமைத்து வந்திருக்கின்றன. பிறகுதான் அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "இருங்க மாஸ்டர், தேத்தண்ணி போடுறேன்" என்றார். முதல் தேநீர் எனக்குக் கிடைத்தது.

வேதாகமத்தைப் படிக்க நல்ல உரைநூல்கள் வேண்டும், சொல்லாராய்ச்சி வேண்டும். அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. இன்றும் என் மேசையில் அவை இருக்கின்றன. ஆனால் சிறு பகுதியைப் பலர் கூடி மெல்ல வாசிப்பதற்கு வேறொரு பயன் உண்டு. நமக்கு உறைக்காத சொல் பக்கத்திலிருப்பவருக்கு உறைக்கும். நேயர்களில் யாரேனும் இப்படி வாசிக்க விரும்பினால் நான் சொல்லக்கூடியது இவ்வளவே: பகுதி சிறிதாக இருக்கட்டும். மூன்று முறை வாசியுங்கள். முன்னும் பின்னும் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுமுன், உங்களைவிடக் குறைவாக உள்ளவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். கூட்டம் முடிந்த பின், அந்த வசனம் உங்கள் வீட்டில் எந்த அறைக்குள் நுழைகிறது என்று பாருங்கள்.

எரிவாயு வரிசைகள் இன்று இல்லை. கதவின் பின்னால் இன்றும் ஒரு மேலதிக சிலிண்டர் வைத்திருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் அந்த வேண்டுதலைச் சொல்லும் ஒவ்வொரு இரவும், 'எங்களுக்கு' என்ற இடம் வந்ததும் சற்று நிறுத்தி, அன்றைக்கு யார் யார் அதற்குள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். சில நாட்களில் எண்ணிக்கை நான்கைத் தாண்டுவதில்லை. அந்த நாட்களில் மறுபடியும் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.