வழிச்செல்வோர் உணவு: ஆற்றுப்படையும் ‘சமைத்துப் பார்’ நூலும்



வெளியூரிலிருந்து சென்னைக்கு வரும் ஒருவர் தமிழரின் மரபுணவு எது என்று வினவினால், பெரும்பாலும் மயிலாப்பூருக்கே வழி காட்டப்படுகிறார். கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் இட்டிலி, வெண்பொங்கல், அடை, டிகிரி காப்பி. நண்பகலில் தியாகராய நகரில் வாழையிலைச் சாப்பாடு. இவ்விடை பிழையன்று, ஆனால் பாதி விடையே. வழிச்செல்வோனுக்கு உணவு காட்டுவதைத் தனியோர் இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி தமிழ். அவ்விலக்கியம் சொன்ன விடை இதனினும் மிக அகன்றது.

ஆற்றுப்படை நூல்கள் பரிசில் பெற்றவன் பெறாதவனை வள்ளலிடம் வழிப்படுத்துவன என்பது இலக்கணம். இலக்கணத்தைச் சற்றே ஒதுக்கிவிட்டு ஒரு பசித்த பாணனின் செவியோடு அவற்றைக் கேட்க வேண்டும். அவன் காதில் விழுவது கொடைப்புகழ் மட்டுமன்று, எந்த ஊரில் எந்த வீட்டில் என்ன கிடைக்கும் என்ற செய்தியும்தான். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை காஞ்சிக்குச் செல்லும் வழியெங்கும் ‘பெறுகுவிர்’ என்று உறுதி கூறிக்கொண்டே போகிறது. எயிற்றியர் குடிலில் புல்லரிசிச் சோறும் உப்புக்கண்டமும்; மறவர் ஊரில் செந்நெற் சோறும் உடும்புப் பொரியலும்; கோவலரிடம் தினைச்சோறும் பாலும்; முல்லை நிலத்துச் சிற்றூர்களில் வரகுச் சோறும் அவரையும்; உழவர் மனையில் வெண்ணெற் சோறும் கோழி வாட்டும்; வலைஞர் குடியிருப்பில் கள்ளும் சுட்ட மீனும்; அந்தணர் இல்லத்தில் நெற்சோறும் மாதுளங்காயும் மாவடுவும்.

இங்கே நின்று நோக்கத்தக்கது புலவரின் தொனி. உடும்பைச் சொல்லும்போது அவர் குரல் தாழவில்லை. மாதுளங்காயைச் சொல்லும்போது உயரவுமில்லை. அந்தந்த நிலத்தார் தம் வீட்டில் உண்பதையே விருந்தினனுக்கும் இடுகின்றனர். புலவர் அதனை அப்படியே எடுத்துரைக்கின்றார். கருப்பொருள்களை எண்ணும் தொல்காப்பியம் தெய்வத்தை அடுத்தே உணவை வைத்ததும் இம்மனநிலையால்தான் போலும். இன்றைய நகரமோ ஊன் உணவு விற்கும் கடைக்கு ‘மிலிட்டரி ஓட்டல்’ என்று தனிப்பெயர் சூட்டி விலக்கிவைத்துப் பழகிய நகரம்.

நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை காட்டும் வழியிற் பாதி இன்றும் பயணிகள் செல்லும் வழி. அது கூறும் எயிற்பட்டினத்தை அறிஞர் மரக்காணம் என்பர். அடையாற்றைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் உப்பளங்களோடு எதிர்ப்படும் ஊர் அது. அங்கே பாணனுக்குக் கிடைத்தவை பரதவர் சுட்ட குழல்மீனும் பழந்தேறலும். வேலூரில் புளி பெய்த சோறும் ஆமான் சூட்டிறைச்சியும். ஆமூரில் வெண்சோறும் நண்டும். அதே நூலில்தான் வேளைக்கீரைக் காட்சியும் வருகிறது. குப்பையில் முளைத்த கீரையை நகத்தாற் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் காண நாணி வாயிலை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்துண்ணும் கிணைமகளின் வறுமை. நண்டும் தேறலும் ஏன் இத்தனை ஆவலோடு பேசப்படுகின்றன என்பதற்கு அந்த அடைத்த கதவே உரை.

எனினும் ஆற்றுப்படை உண்ணச் சொல்லுமேயன்றிச் சமைக்கச் சொல்லாது. பக்குவம் அட்ட பெண்களின் கையிலேயே தங்கிவிட்டது. அது தமிழ் உரைநடையாக முழுமையுற வெளிவந்த இடங்களுள் முதன்மையானது எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் சென்னையில் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’. இளமையிலேயே கணவரை இழந்தவர் அவர். உறவினர் பலர் பக்குவம் கேட்டு எழுதுவதையும் அவர் விடை எழுதுவதையும் கண்ட அவருடைய மாமா கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயர், அவற்றை நூலாக்கும்படி தூண்டினார். வீட்டைவிட்டுச் சென்றோர்க்கு எழுதப்பட்ட நூல் என்றே இதனைக் கொள்ளலாம். மணமாகிப் பிரிந்த பெண்ணும், பம்பாய்க்கும் தில்லிக்கும் கடல் கடந்தும் பிழைக்கப் போனவரும் பெட்டியில் வைத்துச் சென்ற நூல் இது. பாணன் உணவைத் தேடிப் போனான். இவர்களோ அடுப்பங்கரையையே கையோடு கொண்டுபோயினர்.

‘பார்’ என்பது இங்குத் துணைவினை. முயன்று பார் என்பது பொருள். ‘பெறுகுவிர்’ என்ற உறுதிமொழிக்கும் ‘சமைத்துப் பார்’ என்ற ஏவலுக்கும் இடையே ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. ஆழாக்கு அளவில் அரிசியும் பருப்பும் சொல்லி, எது முன் எது பின் என்று வரிசைப்படுத்தி, மிகையாக ஓர் அடைமொழியும் இல்லாமல் செல்லும் அவ்வுரைநடை, உரைநடை வரலாறு எழுதுவோரின் கண்ணில் படாமற் போனது வியப்பே. சமையற் குறிப்பு என்பதால் விடுபட்டதா, பெண் எழுதியது என்பதால் விடுபட்டதா என்பதை மன்றத்தார் ஆராயலாம். ஆனால் அந்நூலுக்கும் ஓர் எல்லை உண்டு. அது ஒரு வகுப்பாரின் மரக்கறிச் சமையல். அவ்வெல்லைக்குள் அது நேர்மையான நூல். பிழை, அதனையே தமிழ்ச் சமையல் முழுமையும் என்று பயணிக்குக் காட்டுவோருடையது.

மரபு என்ற சொல்லையும் சற்று ஐயத்தோடு கையாள வேண்டும். ஸ்பெயின் நாட்டுக்குச் செல்வோர்க்கு மரபுணவு என்று முதலிற் பரிந்துரைக்கப்படுபவை உருளைக்கிழங்கு இட்ட முட்டை அடையும், ‘கஸ்பாச்சோ’ என்னும் தக்காளிக் குளிர்சாறும். இரு காய்களுமே 1492இல் கொலம்பஸ் அமெரிக்கா சென்ற பின்னர் அக்கண்டத்திலிருந்து வந்தவை. நம் மிளகாயும் அங்கிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்ததே; அதன் பெயரே மிளகை நினைவூட்டுகிறது. மிளகாய்க்கு முந்திய தமிழ்ச் சுவையை அறிய விரும்புவோர் பெரும்பாணாற்றுப்படையின் மாதுளங்காய்க்குத்தான் திரும்ப வேண்டும். பசுங்காயைப் பிளந்து, மிளகுப்பொடி கலந்து, கறிவேப்பிலை சேர்த்து, பசு வெண்ணெயில் வேகவைத்தல் என்று அந்த ஓரிடத்தில் மட்டும் புலவர் ஏறத்தாழ முழுப் பக்குவத்தையே தந்துவிடுகிறார்.

1889இல் பத்துப்பாட்டை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் திரட்டிய சுவடிகள், 1943இல் அவர் பெயரால் தோன்றி இன்று பெசன்ட் நகரில் இயங்கும் நூல்நிலையத்தில் உள்ளன. அங்கிருந்து நடந்து போகும் தொலைவில் ஊரூர்க் குப்பம். மயிலைக் கடற்கரையில் நொச்சிக்குப்பம். வலைஞர் வீட்டு விருந்தைப் பாடிய நூலுக்குப் பதிப்பு உண்டு, உரை உண்டு, காப்பகமும் உண்டு. அக்குப்பங்களில் சுறாப்புட்டும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் ஆக்கும் பெண்களின் பக்குவத்துக்கு ஒரு ‘சமைத்துப் பார்’ வேண்டும். இம்மன்றத்துக் கவிஞருள் இருவர் ஏடும் எழுதுகோலுமாக அங்கே சென்று, அப்பெண்கள் சொல்லும் சொற்களிலேயே அவற்றை எழுதிவருவது அடுத்த ஆண்டுப் பணிகளுள் ஒன்றாகலாம். மீனின் பெயர்கள் மட்டுமே ஓர் அகராதிக்கு ஆகும்.

சமைத்துப் பார்க்க விழைவோர்க்கு ஒரு செய்தி. மாசி, பங்குனியில் மயிலை மாடவீதிகளில் மாவடு வந்துவிடும். அந்தணர் இல்லத்து விருந்தில் பாதி ஆயிற்று. பழுக்காத மாதுளங்காய் கடைகளில் எளிதிற் கிட்டாது. தோட்டம் உடையவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.