மேடையில் கண் மூடியவன் பேசுகிறேன்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பொறியாளன் என்பதால் டர்பைன் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். இதே கல்லூரி மேடையில் ஹிப்னாடிசத்துக்கு ஆளானவர்களில் நானும் ஒருவன். "இவன் இன்னும் முழிக்கலையே" என்று தோழர்கள் இப்போதும் கேலி செய்வதுண்டு. அந்த அனுபவத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

மூன்றாம் ஆண்டு கலைவிழா. வந்த நிபுணர் முதலில் அரங்கம் முழுவதையும் விரல்களைக் கோத்துக்கொள்ளச் சொன்னார். "பிரிக்க முடியாது, முடியாது" என்றார். நிஜமாகவே பிரிக்க முடியாமல் தவித்தவர்களை மட்டும் மேடைக்கு அழைத்தார். பத்துப் பன்னிரண்டு பேர் ஏறினோம். தாழ்ந்த குரல், எண்ணிக்கை... தலை தொங்கிவிட்டது.

"நினைவு இருந்துச்சா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். இருந்தது. நீங்கள் சிரித்தது காதில் விழுந்தது. எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து மாம்பழம் என்றார், தின்றேன். புளிப்பு தெரிந்தது, முகம் சுளிக்கத் தோன்றவில்லை. நினைத்திருந்தால் நிறுத்தியிருக்கலாம், அந்த நினைப்புத்தான் வரவில்லை.

இது வசியமா? இல்லை. கோவாவில் 1756-இல் பிறந்த அபே ஃபாரியா என்ற பாதிரியார், 1813-இல் பாரிஸில் இதைச் செய்து காட்டினார். சக்தி உறங்க வைப்பவரிடம் இல்லை, உறங்குபவரின் மனத்தில்தான் இருக்கிறது என்று அவர் அன்றே விளக்கினார். 1959-இல் ஸ்டான்ஃபோர்டில் ஹில்கார்டும் வைட்சன்ஹோஃபரும் வகுத்த அளவுகோல், இந்த இயல்பு ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகிறது என்பதை அளக்கிறது. விரல் கோக்கும் சோதனையும் அதற்குத்தான். நம் பாஷையில் சாம்பிள் டெஸ்ட்! மீதியைக் கைதட்டலும் கூச்சமும் பார்த்துக்கொள்கின்றன.

சரி, அப்புறம்? எனக்கு அன்றிரவு தலை கனத்தது, அவ்வளவுதான். என்னோடு ஏறிய நண்பன் ஒருவனிடம், "உனக்கு இப்போ அஞ்சு வயசு" என்றார் நிபுணர். அவன் அழ ஆரம்பித்தான். நடிப்பென்று அரங்கம் சிரித்தது. நிபுணர் அடுத்தவரிடம் போய்விட்டார். விடுதிக்கு வந்தும் அவன் அழுகை நிற்கவில்லை. ஐந்து வயதில்தான் அவன் அப்பாவை இழந்தான் என்பது அன்றிரவுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு மாதம் அவன் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அவன் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

பிரிட்டனில் 1952-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. இன்று அங்கே 18 வயது நிரம்பாதவர்களை மேடையில் ஹிப்னாடிசம் செய்யக் கூடாது. 1996-இல் அரசு வகுத்த மாதிரி நிபந்தனைகள், மேடையில் ஒருவரைச் சிறு வயதுக்குத் திருப்பி அழைத்துப் போவதைத் தடுக்கின்றன. இறங்குமுன் மனத்தில் ஏற்றிய கட்டளைகளை எல்லாம் நீக்கிவிடவும் சொல்கின்றன.

தம்பி தங்கைகளே, இந்த நிகழ்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "டேய், போடா மேலே" என்று யாரையும் தள்ளிவிடாதீர்கள். வயதைக் குறைக்கும் வித்தை கூடாது என்று நிபுணரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மேடை ஏறிய ஒவ்வொருவர் பக்கத்திலும் அன்றிரவு ஒரு நண்பர் இருக்கட்டும். ஏனென்றால், அவர் கண்ணை மூடுவது நிபுணரை நம்பி மட்டுமல்ல. கீழே உட்கார்ந்திருக்கும் நம்மையும் நம்பித்தான்.