இல்லத் தூய்மைக்கு ஒரு கால அட்டவணை

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

இயலும் இசையும் முழங்கும் மேடையில் துடைப்பத்தைப் பற்றியா பேசுவது எனச் சிலர் புன்முறுவல் பூக்கலாம். ஒலவக்கோட்டில் 1956-ஆம் ஆண்டு இரயில்வேக் கோட்டம் அமைந்த பின்னர், பிழைப்பை நாடி இங்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. தாய்மொழியைப் பேணச் சங்கம் கண்டோம், நன்று. ஆனால் மழைக்காலத்தில் குழந்தை டெங்குக் காய்ச்சலில் துவண்டு கிடக்கையில், அவ்வீட்டாருக்குச் செவிக்குணவு எதற்கு? ஆகவே இன்று இல்லத் தூய்மையைப் பற்றிச் சிந்திப்போம்.

நாம் இரயில்வே மக்கள். தண்டவாளம் பழுதான பிறகே அதனை நோக்குவோம் என்று இருப்பவரல்லர். கீமேன் நாள்தோறும் தமக்குரிய பகுதியை நடந்தே பார்வையிடுகிறார். பெட்டிகள் குறித்த முறைப்படி கழுவப்படுகின்றன. குறித்த காலத்தில் பணிமனைக்கும் செல்கின்றன. அழுக்குக் கண்ணில் பட்டதா என்று கேட்பதில்லை. நாள் வந்ததா என்றே கேட்கிறோம். இல்லங்கள் பலவற்றிலோ, விருந்தினர் வரவோ பண்டிகையோ நெருங்கிய பின்னரே துடைப்பத்தைத் தேடுகின்றனர். ஒரு திங்களின் வேலையை ஒரு பகலில் முடித்த இல்லத்தரசியார், பண்டிகையன்று இடுப்பு வலியோடு படுத்து விடுகிறார்.

எனவே வேலையை நான்காகப் பிரித்துக் கொள்வோம். நாள்தோறும் செய்வன: பெருக்குதல், அடுப்படியைத் துடைத்தல், இரவிலேயே எச்சிற் பாத்திரங்களைக் கழுவுதல். வாரந்தோறும் செய்வன: குளியலறை, கழிப்பறை, நீர்த்தொட்டி, படுக்கை விரிப்பு. திங்கள்தோறும் செய்வன: ஒட்டடை, மின்விசிறி, பரண், சாளரக் கம்பிகள். ஆண்டுக்கு இருமுறை வீடு முழுவதும். எதைச் செய்யினும் மேலிருந்து கீழாகச் செய்க; உலர்ந்த வேலையை முடித்தபின் ஈர வேலையைத் தொடங்குக. தரையைத் துடைத்தபின் ஒட்டடை அடித்தால் ஒரே வேலை இருமுறையாகும்.

வாரக் கணக்கு ஏன்? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். ஆகையால் வாரம் ஒருமுறை தேங்கிய நீரைக் கொட்டினால், அது பறக்கும் முன்னரே அழிகிறது. கேரளத்தில் வெள்ளிக்கிழமை பள்ளிகளிலும், சனிக்கிழமை அலுவலகங்களிலும், ஞாயிற்றுக்கிழமை இல்லங்களிலும் 'டிரை டே' கடைப்பிடிக்குமாறு நலவாழ்வுத் துறை வேண்டுவதன் பொருள் இதுவே. கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு, ஈரமின்றியும் பல மாதம் உயிரோடிருக்கும். தேய்த்துக் கழுவுதலே முறை. பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு, முற்றத்தில் கிடக்கும் சிரட்டை இவற்றை மறத்தலாகாது.

ஆண்டுக் கணக்கை ஊரின் பருவத்தோடு பொருத்துதல் வேண்டும். போகிக்கு வீட்டைத் துப்புரவாக்குவது நம் மரபு. ஆனால் மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் கீழைக்காற்று, துடைத்த மறுநாளே புழுதியைக் கொணரும். ஆதலின் போகித் துப்புரவோடு நில்லாது, காற்று ஓய்ந்தபின் பரணையும் சாளரங்களையும் மீண்டும் ஒருமுறை நோக்குக. இரண்டாவது பெருந்துப்புரவு, மே மாத இறுதியில், மழைக்கு முன் அமைய வேண்டும். மெத்தை, கம்பளி ஆகியவற்றை வெயிலில் காயவைக்க அதுவே தக்க சமயம். மூணாறு, தேவிகுளம் பக்கத்துத் தோட்ட லயங்களில் வாழும் நம் உறவினருக்கு இது இன்னும் இன்றியமையாதது. அங்கே மழை பிடித்துவிட்டால் துணியிலும் சுவரிலும் பூஞ்சணம் படரும். அண்டை மலையாள இல்லங்களில், நம் ஆடி மாதமாகிய கர்க்கடகம் பிறக்குமுன் வீடு துலக்கி, சேட்டையை வெளியேற்றித் திருமகளை வரவேற்பதும் இக்கருத்தினாலேயே போலும்.

ஓர் எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை கழுவும் அமிலத்தையும் ஒன்றாகக் கொட்டுதல் கூடாது. குளோரின் வாயு எழுந்து மூச்சை அடைக்கும். பழைய பிளாஸ்டிக்கைப் போகித் தீயில் இடுதலும் தீது. அதனைக் கழுவி உலர்த்தி, ஹரித கர்ம சேனை மகளிரிடம் ஒப்படைப்பதே முறை.

இறுதியாக ஒன்று. இவையனைத்தையும் யார் செய்வது? தாயார் ஒருவரே எனின், இவ்வட்டவணை அவருக்கு இன்னுமொரு சுமையேயாகும். அடுப்படிச் சுவரில் ஒரு தாள் ஒட்டுக. வேலைக்கு நேரே பெயரை எழுதுக. தந்தைக்குக் கழிப்பறையும் ஒட்டடையும், மகனுக்குத் தண்ணீர்த் தொட்டியும், மகளுக்குப் புத்தக அலமாரியும் ஆகட்டும். மகள் பெருக்க, மகன் பார்த்திருக்கும் வழக்கம் நம்மோடு ஒழியட்டும். இரவுப் பணி முடித்து வந்தவர் பகலில் உறங்கும் வீடுகளில், பணிமுறைப் பட்டியலைப் பார்த்து, ஓசையெழும் வேலைகளை அவர் விழித்திருக்கும் நேரத்திற்கு மாற்றுக. உடல் நலமில்லாதவர் பெயரை அவ்வாரம் நீக்கி, மற்றவர் பகிர்ந்து கொள்க.

வண்டி நேரப்படி ஓடுவது ஒருவர் உழைப்பினாலன்று, இல்லமும் அவ்வாறே. வரும் ஞாயிறன்றே நம் இல்லந்தோறும் இவ்வட்டவணை தொங்கட்டும். அடுத்த மழைக்காலத்தில் நம் குடியிருப்பில் காய்ச்சலின்றிப் பிள்ளைகள் பள்ளி செல்லும் நிலையை உண்டாக்குவோமாக!