எரர் வந்தால் போர்டு போனதாக அர்த்தமா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் சி பிளாக் மேடம் ஒருவர், மைக்ரோவேவ் ஓவனில் எரர் வருகிறது, நல்ல மெக்கானிக் யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தார். ஒரு மணி நேரத்தில் பதினான்கு பதில்கள். ஒன்பது பேர் "புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். ஒரு தம்பி மட்டும், "ஸ்க்ரூவைக் கழட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும் ஆன்ட்டி, நான் வரேன்" என்று போட்டிருந்தான். அந்தப் பதிலைப் பார்த்த பிறகுதான் செயலாளர் சாரிடம் எனக்குப் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்கினேன்.

நான் எஞ்சினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு, 34 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவன். ஆனால் இதே கோளாறு என் வீட்டு ஓவனில் வந்து, அதன் பின்னால் ஒரு மாதம் அலைந்திருக்கிறேன்.

எங்கள் ஓவன் 2017-ல் மகள் வாங்கிக் கொடுத்தது. கன்வெக்‌ஷன் வகை. அதாவது பால் சுட வைப்பதோடு கேக்கும் செய்யலாம். பேத்தியின் பிறந்த நாளுக்கு முதல் நாள் என் மனைவி மாவைக் கலந்து வைத்துவிட்டு ஓவனை முன்சூடு செய்தாள். இரண்டு நிமிடத்தில் பீப் பீப் என்று கத்திவிட்டு, திரையில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் வந்து நின்றுவிட்டது. பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்துப் போட்டுப் பார்த்தோம். சில சமயம் அதிலேயே சரியாகிவிடும். எங்களுக்கு ஆகவில்லை. ஆனால் ஒரு டம்ளர் தண்ணீரை வெறும் மைக்ரோவேவில் வைத்தால் நன்றாகவே சுட்டது. கேக் கடையிலிருந்து வந்தது.

சர்வீஸுக்குச் சொல்லி ஒருவர் வந்தார். மூடியைத் திறக்கவில்லை. திரையைப் பார்த்தார், "போர்டு போயிடுச்சு சார். 6,800 ஆகும், லேபர் தனி" என்றார். பார்த்ததற்கு 450 வாங்கிக்கொண்டு போனார். "எட்டாயிரம் கொடுத்து இதை ரிப்பேர் பண்றதுக்குப் புதுசே வாங்கலாமே" என்றாள் மனைவி. நியாயமான பேச்சுதான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

காரணம் பழைய பழக்கம். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் எங்கள் கிளையில் சாயந்திரம் கணக்கு டாலி ஆகாமல் வீட்டுக்குப் போக முடியாது. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம், 54-ஐ 45 என்று எழுதியிருப்போம் என்று சீனியர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். அது எந்த மாதிரித் தப்பு என்று சொல்லும், எந்தப் பக்கத்தில் என்று சொல்லாது. பக்கத்தை நாம்தான் ஒவ்வொன்றாக டிக் அடித்துத் தேட வேண்டும். டாலி ஆகவில்லை என்பதற்காக யாரும் புது லெட்ஜர் வாங்கியதில்லை.

ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சின்னக் கடை. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பல வருடம் மெயின்டனன்ஸ் பார்த்தவர் வைத்திருக்கிறார். அவரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். வருவதற்குள் உதவி செய்வோமே என்று பிளக்கைப் பிடுங்கி, பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி வைத்திருந்தேன். உள்ளே வந்தவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "சார், முதல்ல கையை எடுங்க!" என்று சத்தம் போட்டார்.

அந்தத் தம்பிக்காக இதை விவரமாகச் சொல்கிறேன். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் நம் 230 வோல்ட்டை ஏறக்குறைய 2,000 வோல்ட்டாக உயர்த்துகிறது. கப்பாசிட்டரும் டயோடும் சேர்ந்து அதை மேக்னட்ரானுக்கு 4,000 வோல்ட் அளவில் கொடுக்கின்றன. பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அது தானாக வடிவதற்கு உள்ளே ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அது பழுதாகியிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. ஆளையே கொன்றுவிடும். மிக்சி, கிரைண்டரைத் திறப்பது போல இதைத் திறக்கக் கூடாது. அவர் கப்பாசிட்டரை எப்படி வடித்தார் என்று நான் பார்த்தேன், ஆனால் இங்கே சொல்லப் போவதில்லை.

மேக்னட்ரான் முதலில் சமையலுக்கு வந்ததே இல்லை, போர்க்கால ரேடாருக்கு வந்தது. அமெரிக்காவில் ரேத்தியான் கம்பெனியில் வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர், அதன் அருகே நின்றபோது சட்டைப் பையில் இருந்த மிட்டாய் உருகியதைக் கவனித்து, 1945-ல் சமையலுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். முதலில் விற்பனைக்கு வந்த அடுப்பு கிட்டத்தட்ட ஆறடி உயரம், 340 கிலோ. நம் லிஃப்டில் ஏறாது.

இனி சென்சார். கன்வெக்‌ஷன் அறையின் சுவரில் தெர்மிஸ்டர் என்று ஒரு சின்ன உலோகக் குச்சி செருகியிருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். போர்டு அந்தத் தடையை வைத்து உள்ளே எத்தனை டிகிரி என்று தெரிந்துகொள்கிறது. ஒயர் எங்காவது அறுந்தால் தடை எல்லையில்லாமல் போய்விடும். போர்டு கணக்கில் அது கடுங்குளிர். அதை நம்பி ஹீட்டரைப் போட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? கேக் கரியாகும், அதற்கு மேலும் ஆகலாம். அதனால்தான் நம்ப முடியாத எண் வந்ததும் போர்டு எரர் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. எங்கள் வீட்டில் போர்டு தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது, அதைத்தான் மாற்றச் சொன்னார்கள்!

மெக்கானிக் மல்டிமீட்டரை எடுத்தார். போர்டில் செருகும் கனெக்டரைக் கழற்றி அளந்தார், ஒன்றும் காட்டவில்லை. அதே சென்சாரின் அடியில் நேராக அளந்தார், எண் வந்தது. என் மருமகளின் ஹேர் டிரையரைக் கேட்டு வாங்கிக் காட்டினார், எண் மெல்ல இறங்கியது. ஆக சென்சாரும் உயிரோடுதான் இருக்கிறது, நடுவில்தான் கோளாறு. கனெக்டரைப் பார்த்தால் ஒரு பின் பச்சை பூத்துக் கிடந்தது. சுற்றிலும் கரப்பான் பூச்சி எச்சம், முட்டைக் கூடு வேறு. அந்தக் கதகதப்பு அதுகளுக்குப் பிடிக்குமாம். சுத்தம் செய்து புதுப் பின் போட்டு 600 ரூபாய் வாங்கினார். அன்றைக்கே கேக் செய்தோம்.

கதை இதோடு முடிந்தது என்று நினைத்தேன். பன்னிரண்டாம் நாள் திரும்ப அதே எரர். ஆனால் இந்தத் தடவை நன்றாகச் சூடேறிய பிறகுதான் வந்தது. மனைவி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டாம். மெக்கானிக் வந்து மறுபடி ஹேர் டிரையர் பிடித்தார். இறங்கிக்கொண்டே வந்த எண் ஓர் இடத்தில் சட்டென்று காணாமல் போனது. ஆற விட்டால் திரும்ப வந்தது. சென்சாருக்கு உள்ளேயே மெல்லிய விரிசல், சூட்டில் விலகி, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. "போன தடவையே முழுசாச் சூடு பண்ணிப் பார்த்திருக்கணும் சார், என் தப்பு" என்றார்.

பழைய சென்சாரை என் கையில் கொடுத்து, ஓவனின் மாடல் நம்பரையும் எழுதித் தந்தார். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் தடை அளவு மாடலுக்கு மாடல் மாறும். வேறு ஒன்றைப் போட்டால் 180 டிகிரி என்று வைத்தால் உள்ளே வேறு சூடு இருக்கும். அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் மெட்ரோ மாறி, கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தேன். மூன்று கடை ஏறி இறங்கியதில் 220 ரூபாய்க்குக் கிடைத்தது. மாட்டியதற்கு அவர் கூலி வாங்கவில்லை. மொத்தம் 450, 600, 220 ஆக 1,270 ரூபாய், ரயில் டிக்கெட் தனி. அது நடந்து எட்டு மாதம் ஆகிறது.

எல்லா எரரும் சென்சார்தான் என்று நான் சொல்லவில்லை. போர்டு நிஜமாகவே போவதும் உண்டு. கதவு சரியாக மூடாமல் இருந்தாலோ, கீல் வளைந்திருந்தாலோ ரிப்பேர் ஆகும் வரை ஓவனைப் போடவே கூடாது. ஆனால் போர்டு போய்விட்டது என்று சொல்பவரிடம், "சென்சாரைச் சூடாகவும் ஆறியும் அளந்து காட்டுங்க" என்று கேளுங்கள். எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று ரைட் டு ரிப்பேர் என்ற இணையதளம் தொடங்கியிருக்கிறது. அதில் சேர்ந்த கம்பெனிகளின் சர்வீஸ், உதிரி பாக விவரங்கள் இருக்கும். தகராறு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

ஓவன் மேல் பூ வேலை செய்த துணி விரித்து, ஊறுகாய் ஜாடி அடுக்கும் வழக்கம் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. அதை எடுத்துவிடுங்கள், காற்றுத் துளை அடைந்துபோகும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கரப்பானுக்கு ஸ்பிரேயைத் துளைக்குள் அடிக்க வேண்டாம், சமையலறை மூலைகளில் ஜெல் வைத்தால் போதும்.

பழைய சென்சார் என் பாக்கெட்டில் இருக்கிறது, டீ சாப்பிடும்போது காட்டுகிறேன். சி பிளாக் மேடம், அந்த மெக்கானிக்கிடம் பேசிவிட்டேன். புதன்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறார். அந்தத் தம்பியும் வரட்டும், பக்கத்தில் நின்று பார்க்க மட்டும்.