சாளரத்தில் தெரியும் கோபுரம்



இராசபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் செல்லும்போதெல்லாம் நான் சாளர ஓரத்தையே நாடுவேன். சாலையோர மரங்கள் விரைந்து பின்னோடுகின்றன. ஊரை நெருங்கியதும் தோன்றும் ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரமோ மெல்லத்தான் நகர்கின்றது. மேற்கு மலைத்தொடர் நம்முடனேயே வருவது போலிருக்கின்றது. அருகிலுள்ளது மிகுதியாகவும், தொலைவிலுள்ளது குறைவாகவும் இடம் பெயர்வதாகத் தோன்றுவதே காரணம். இவ்வெளிய உண்மையைக் கொண்டே கணிப்பொறி, தட்டையான ஒளிப்படங்களிலிருந்து முப்பரிமாண உருவத்தை அமைக்கின்றது.

எங்ஙனம்? கோபுரத்தை இரண்டு இடங்களில் நின்று படம் எடுக்கிறோம். இரு படங்களிலும் உள்ள ஒரே கலசத்தைக் கணிப்பொறி இனங்காண்கிறது. நாம் நின்ற இரண்டு இடங்களும் கலசமும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகள். அடிப்பக்கத்தின் நீளமும் அதன் இரு கோணங்களும் தெரிந்தால் மூன்றாம் முனையும் தெரிந்துவிடும். இவ்வாறு பல இலட்சம் புள்ளிகளைக் கண்டு, சிறு சிறு முக்கோணங்களால் இணைத்தால், கோபுரத்தின் மேற்பரப்பு உருவாகின்றது.

முறை பழையதுதான். 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். ஏறக்குறைய நம் இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட தொலைவு அது! அதன்மேல் முக்கோணங்களை அடுக்கியே தென்னாட்டை அளந்தார். கோபுர உச்சிகளையும் அதற்குப் பயன்படுத்தினார்.

கணிப்பொறிக்கும் அடிக்கோடு வேண்டும். வெறும் படங்களைக் கொண்டு, ஏறத்தாழ 192 அடிக் கோபுரத்தையும் அதே வடிவிலுள்ள மேசைப் பொம்மையையும் அது வேறுபடுத்தி அறியாது. களத்தில் ஒரு நீளத்தையாவது மனிதன் அளந்து சொல்லவேண்டும்.

1968-இல் ஐவன் சதர்லண்டு என்னும் அமெரிக்க அறிஞர், தலையில் அணிந்து காணும் கருவியொன்றைச் செய்து காட்டினார். தலை திரும்பினால் கோட்டுருவக் காட்சியும் அதற்கேற்ப மாறிற்று. இன்று அவ்வழியில் வளர்ந்த கருவிகளை அணிந்து, இவ்வாறு அமைத்த கோயிலுக்குள் உலவலாம்.

ஆயின் ஓர் எச்சரிக்கை. சுதைச் சிற்பத்தின் பின்புறம் எந்தப் படத்திலும் விழாதிருக்கலாம். அவ்விடைவெளியைச் சூழ்ந்துள்ள பகுதிகளைக் கொண்டு கணிப்பொறி ஊகித்து நிரப்பிவிடும். கண்டது எது, நிரப்பியது எது என்று பார்ப்பவருக்குத் தோன்றாது. பிற்காலத்தில் சிற்பம் சிதைந்து, இவ்வுருவத்தைப் பார்த்துச் சீர்செய்தால், அன்றைய ஊகம் சுதையாகவே நிலைத்துவிடும்!

ஆகவே, இத்துறையில் நீங்கள் புகுந்தால், அளந்ததை அளந்ததென்றும், ஊகித்ததை ஊகித்ததென்றும் குறித்து வையுங்கள். அழகிய உருவம் அமைப்பதோடு அக்கடமையும் சேர்ந்ததே இவ்வாராய்ச்சி.