நகைப்பும் இகழ்ச்சியும்
(அடையாற்றில் மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

சமயத்தாரை நகையாடுதல் தமிழகத்திற்குப் புதிதன்று. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனத்தில், கள்ளுண்டு மயங்கிய காபாலிகன் தன் கபாலத்தை இழந்து, பௌத்தத் துறவி மீது பழி சுமத்துகிறான். அத்துறவியோ, மதுவையும் மங்கையரையும் புத்தர் ஏன் விலக்கினார் என்று ஏங்குகிறார். இங்கே நகைக்கப்படுவது நோன்பு வழுவிய ஒழுக்கம்.

அந்நூற்றாண்டில் எழுந்த தேவாரப் பதிகங்கள் சில, நம் முனிவர்கள் நீராடாமையையும் தலைமயிர் பறித்தலையும் இகழ்கின்றன. அவை நோன்பை வழுவாது காத்தோரின் அடையாளங்கள் அல்லவா? பொய்யொழுக்கத்தைச் சுட்டினால் அது அங்கதம். ஒருவர் தம் அறத்தைக் காப்பதையே குற்றமாக்கினால் அது வெறுப்பு.

நம் நீலகேசி, பௌத்தரையும் வேதவாதியரையும் அவர்தம் கொள்கையைக் கூறவைத்து மறுக்கிறது. அதிலும் கடுஞ்சொற்கள் உண்டு. அவற்றையும் இதே அளவுகோலால் அளத்தலே நடுவுநிலை.

கேசலோசத்தைக் குறித்து நம் பிள்ளைகளிடம் எவரேனும் ஏளனம் செய்யின், அவர்கள் நாணவோ சினக்கவோ வேண்டா. உடற்பற்றை விடுதலும் சிற்றுயிர்க்கு ஊறு செய்யாமையுமே அதன் கருத்தென விளக்கட்டும். பிறர் நோன்பை அவர்களும் நகையாதிருக்கட்டும். சொல்லிலும் கொல்லாமை காப்போமாக!