பழங்கதவுகளைப் புதுப்பித்தல்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



பயிர்க்கடன், உரம், விதை ஆகிய விஷயங்களைக் குறித்தே சங்கக் கூட்டங்களில் பேசுவது வழக்கம். இன்று வீட்டுக் கதவைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். இதற்கும் சங்கத்திற்கும் என்ன சம்பந்தம் என்று தாங்கள் கேட்கலாம். வீட்டில் கலியாணம் நிச்சயமானவுடன் பழைய கதவு பொலிவற்றுத் தோன்றுகிறது. அதை விறகு விலைக்குக் கொடுத்துவிட்டுப் புதுக் கதவுக்குக் கடன் வாங்குகிறோம். கதவு நெல் விளைவிப்பதில்லை; அதற்கு வாங்கிய கடனை நெல்தான் தீர்க்க வேண்டும். சம்பந்தம் இதுவே.

நமக்குக் கிழக்கேயுள்ள செட்டிநாட்டைப் பாருங்கள். அங்குள்ள பெரிய வீடுகளுக்குப் பர்மாத் தேக்கில் கதவு செய்தார்கள். 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமானபின், அங்கே கொடுக்கல் வாங்கல் நடத்திவந்த குடும்பங்கள் பல பெருநஷ்டம் அடைந்தன. பின்னாளில் இடிக்கப்பட்ட வீடுகளின் கதவுகளும் தூண்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. வெளியூரார் அவற்றைத் தேடி வந்து வாங்குகிறார்கள். நம்முடைய வேம்பும் பூவரசும் அவ்வளவு விலை பெறா. ஆயினும் முற்றிய மரத்தை அற்பமாக எண்ணலாகாது என்பது இதனால் விளங்கும்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன்.

முதலாவது, நிலையின் அடிக்காலை ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி எளிதில் இறங்கினால் கறையானோ ஈரமோ தின்றிருக்கிறது. கெட்ட பாகத்தை மட்டும் அறுத்துவிட்டுத் தச்சரைக்கொண்டு ஒட்டுக்கட்டை கொடுத்தால் போதும். ஈரம் எங்கிருந்து வருகிறதென்று கண்டு அதையும் நிறுத்த வேண்டும். இன்றேல் செலவு வீணாகும்.

இரண்டாவது, எண்ணெய்ப் பிசுக்கைச் சலவைச் சோடா கரைத்த நீரில் துணியை நனைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரால் மறுபடி துடைத்து உலரவிடுங்கள். பித்தளைக் குமிழ்களுக்குப் புளியே போதும்.

மூன்றாவது, பழைய வர்ணத்தை உலர்ந்தபடி சுரண்டாதீர்கள். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதற்கு முன் பூசியதில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். அத்தூசி குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். ஆகையால் நனைத்து, நீர் தாங்கும் உப்புத்தாளால் தேய்த்து, கழிவைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள். குழந்தைகளை அருகே விடவேண்டாம்.

நான்காவது, வெடிப்புகளுக்கு மக்கு வைத்துச் சமப்படுத்துங்கள். மரத்தின் ரேகை அழகாயிருந்தால் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து, மிஞ்சியதைத் துடைத்து, ஒரு நாள் கழித்து மறுபடி தேய்க்கலாம். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துவிடுங்கள். ரேகை கெட்ட கதவுக்கு வர்ணமே தகும். சட்டத்திற்கு ஒரு நிறமும் பலகைக்குச் சற்று வெளிறிய நிறமும் கொடுத்தால் கதவு எடுப்பாயிருக்கும். செதுக்கிய தாமரைப் பூவின்மேல் வர்ணத்தை அப்பி மூடிவிடாதீர்கள்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஆறரை அடி உயரமும் மூன்றடி அகலமுமுள்ள கதவு இருபுறமும் சேர்ந்து ஏறக்குறைய 40 சதுர அடி. ஒரு லிட்டர் வர்ணம் இருமுறை பூச இத்தகைய கதவு இரண்டுக்குக் காணும். ஒருவரே வாங்கினால் பாதி டப்பாவிலேயே ஆடை கட்டிப்போகும். ஐந்து வீட்டார் சேர்ந்து வர்ணம், உப்புத்தாள், தூரிகை வாங்கி, தச்சரையும் ஒரே நாளில் அமர்த்தினால் செலவு ஐவருக்கும் குறையும். 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் இந்நாட்டில் சங்கங்கள் தோன்றியதும் இந்தத் தத்துவத்தைக் கொண்டே.

அறுவடைக்குப்பின் வேலை ஓய்ந்த நாட்களில் இதைத் தொடங்குங்கள். பாட்டனார் வைத்த நிலையில் பேத்தியின் கலியாண மாவிலைத் தோரணம் தொங்கட்டும். அதன் பொருட்டுக் கடன் பத்திரம் எழுத வேண்டாம்.